இறந்தகாலத்துக்கு எதற்கு இங்கிலீஷ் தரகர்?

என் ஊர் மத்தூர். பெங்களூரில் இதைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் "ஓ, வடை ஊரா?" என்பார்கள். அது மண்டியா மாவட்டத்து மத்தூர். என்னுடையது கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகும் சாலையில் இருக்கும் மத்தூர். இங்கே மாந்தோப்பு உண்டு. வடை எல்லா ஊரிலும் கிடைக்கிற வடைதான்.

நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்தேன். ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். பைக் கொலம்பியாவில் ஓடுகிறது, மெக்சிகோவில் ஓடுகிறது, குவாத்தமாலாவில் ஓடுகிறது. எங்கள் கம்பெனிக்கும் அந்தப் பக்கம் சில வாடிக்கையாளர்கள். அவர்கள் அனுப்பும் மெயிலும் புகாரும் ஸ்பானிஷில் வரும். மொழி தெரிந்தால் சம்பளம் கூடும் என்று மேனேஜர் சொன்னார். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூரில் ஒரு பயிற்சி மையத்தில் சனி ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன்.

ஆறாவது வாரம் இறந்தகாலம் வந்தது. ஒழுங்கு வினைச்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, தன்மை முன்னிலை படர்க்கை எல்லாவற்றுக்கும் எப்படி முடியும் என்று பலகையில் கட்டம் போட்டார்கள். பிறகு ஸ்பானிஷில் இருக்கும் இரண்டு இறந்தகாலங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள், இங்கிலீஷில். எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் சொல்ல வரவில்லை. நான் பத்தாவது வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. திக்கித் திணறி நின்றபோது ஆசிரியர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "முதல்ல இங்கிலீஷ் சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் ஸ்பானிஷ் பார்க்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது நம் ஊரில் எல்லோரும் நம்புவதுதான். உலகத்துக்குப் போகிற எல்லா வண்டியும் இங்கிலீஷ் ஸ்டாண்டிலிருந்துதான் கிளம்பும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை, குறைந்தபட்சம் ஸ்பானிஷ் வினைச்சொல் விஷயத்தில், சுத்தப் பொய். இறந்தகாலத்தைப் பொறுத்தவரை ஒரு தமிழ்ப் பிள்ளையை இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷுக்குக் கூட்டிப்போவது, மத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குத் திருவண்ணாமலை வழியாகப் போவது மாதிரி. போய்ச் சேரலாம். ஆனால் எதற்கு?

தொமார் என்று ஒரு வினைச்சொல். எடுத்துக்கொள்வது, குடிப்பது, பஸ் பிடிப்பது எல்லாவற்றுக்கும் ஆகும். நாம் டீ குடிப்போம். ஸ்பானிஷில் டீக்குப் பெயர் 'தே'. நம் தேயிலையில் இருக்கிற அதே தே. சீனாவின் தென்கிழக்குக் கரையில் கப்பலேறி இரண்டு பக்கமும் போய் இறங்கிய சொல். இனி கட்டம்: தொமே, நான் குடிச்சேன். தொமாஸ்தெ, நீ குடிச்ச. தொமோ, அவன் குடிச்சான், அவ குடிச்சா, அவரு குடிச்சாரு. தொமாமொஸ், குடிச்சோம். தொமாரொன், குடிச்சாங்க. 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு ஸ்பெயினில் மட்டும் தொமாஸ்தெய்ஸ் என்று ஒன்று உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் தொமாரொன்தான். ஆர் என்று முடியும் ஒழுங்கு வினைகள் அத்தனையும் இப்படித்தான் போகும். ஏர், ஈர் என்று முடிபவை இன்னொரு தடம்: கொமேர் என்றால் சாப்பிடுவது, கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமியேரொன். முடிந்தது. ஒழுங்கு வினைக்கு மொத்தமே இரண்டு தடம்.

இங்கிலீஷ்காரருக்கு இந்தக் கட்டம் மலை. அவர் மொழியில் ஐ, யூ, ஹீ, ஷீ, வீ, தே எதைப் போட்டாலும் வினை ஒரே மாதிரி நிற்கும், ஆள் மட்டும் முன்னால் மாறும். அதனால் அவருக்காக எழுதிய பாடப்புத்தகம் முதல் பக்கத்திலேயே, வினையின் வாலில் ஆள் ஒட்டிக்கொண்டிருக்கும், பயப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்கிறது. நாம் எதற்குப் பயப்பட வேண்டும்? 'குடிச்சேன்' என்று சொன்னால் குடித்தது யார் என்று எந்தத் தமிழனாவது கேட்பானா? 'நான்' என்று தனியாகச் சொன்னால் அதில் ஒரு அழுத்தம் வந்துவிடும்: "நான் குடிச்சேன், அவன்தான் குடிக்கல." ஸ்பானிஷிலும் அப்படியே. 'யோ' என்ற 'நான்' அழுத்தத்துக்குத்தான் வரும். என் வகுப்பில் நல்ல இங்கிலீஷ் பேசியவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் யோ, யோ என்று போட்டு ஆசிரியரிடம் திட்டு வாங்கினார்கள். எனக்கு அந்தத் திட்டு ஒரு தடவைகூட விழவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு காலை உட்கார்ந்து பாருங்கள். தமிழில் குடிச்சேன், குடிச்சான். தெலுங்கு பேசுகிறவர் தாகானு என்பார் தன்னைச் சொல்ல, தாகாடு என்பார் அவனைச் சொல்ல. ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடம், அதிலும் வால் மாறும். மூன்று மொழியிலும் ஆள் வாலில்தான் இருக்கிறான். விதிவிலக்கு கடைக்கார சேட்டா ஒருவர்தான். மலையாளத்தில் ஞான் குடிச்சு, அவன் குடிச்சு, அவர் குடிச்சு. எல்லாம் ஒரே குடிச்சு. இந்த விஷயத்தில் மலையாளம் இங்கிலீஷ் பக்கம், தமிழ் ஸ்பானிஷ் பக்கம்.

உடனே யாராவது 'குடித்தேன்' என்பதில் ஏன் இருக்கிறது, 'தொமே' என்பதில் ஏ இருக்கிறது, ஆகவே ஸ்பானிஷ் தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸப்பில் ஃபார்வேர்டு போட வேண்டாம். அந்த ஏ, லத்தீனில் ஆவீ என்று இருந்த விகுதி தேய்ந்து வந்தது. நம் ஏனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் உறவு கொண்டாடவில்லை. வினைச்சொல் வேலை செய்கிற விதம் இரண்டிலும் ஒத்துப்போகிறது என்கிறேன், அவ்வளவுதான்.

இதைப் பார்க்கிற கண் நமக்குப் பள்ளியிலேயே கொடுக்கப்பட்டது. பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் இருக்கிறதா? பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். குடி பகுதி, த் சந்தி, த் இறந்தகால இடைநிலை, ஏன் தன்மை ஒருமை வினைமுற்று விகுதி. இரண்டு மதிப்பெண். நன்னூல் இறந்தகால இடைநிலைகளாக த், ட், ற், இன் என்பவற்றைச் சொல்கிறது: செய்தான், உண்டான், சென்றான், ஓடினான். எந்த வினைக்கு எது வரும் என்று வெளிநாட்டவர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். கார்ல் கிரௌல் என்ற ஜெர்மானியர் 1855இல் வெளியிட்ட இலக்கணத்தில் தமிழ் வினைகளை ஏழு வகையாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த ஏழையும் நாலு வயதில் தூக்கத்தில் சொல்கிற பிள்ளைக்கு, இரண்டு தடம் உள்ள ஸ்பானிஷ் கஷ்டம் என்று சொல்லிக் கொடுத்தது யார்?

நம் தமிழ் வகுப்புக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்தவன் மொழியைப் பிரித்துப் பார்க்க உதவும் ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டு, 'நடந்தனன்' என்ற ஒரே போல்ட்டைப் பத்து வருஷம் கழற்றி மாட்டச் சொன்னார்கள். அந்த ஸ்பேனர் தொமாப என்ற சொல்லையும் கழற்றும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொமாப என்பதுதான் ஸ்பானிஷின் இரண்டாவது இறந்தகாலம். தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபன். நடுவில் அந்த 'ப' அசையாமல் நிற்பதைப் பாருங்கள். அதுதான் இடைநிலை. தொமே, தொமோவில் காலமும் ஆளும் ஒரே எழுத்தில் கரைந்துவிட்டன. அங்கே பிரிக்க முடியாது. தொமாபமொஸில் தமிழ் மாதிரியே தனித்தனியாகக் கழன்று வருகிறது.

இந்த இரண்டு இறந்தகாலத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள். நானும் விழுந்தேன், ஆனால் தமிழால் இல்லை.

வகுப்பில் தாத்தாவைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள். என் தாத்தா அப்போது இறந்து இரண்டு வருஷம். காலையில் டீக்கடையில் மூன்று டீ குடிப்பார், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பேப்பரில் ஒரு பக்கம். நான் ஒழுங்கான மாணவியாக இதை மனதுக்குள் இங்கிலீஷாக்கினேன். அவர் குடித்தார் என்பதற்கு அங்கே இருப்பது 'டிராங்க்' என்ற ஒரு சொல். அதை ஸ்பானிஷாக்கினேன்: தொமோ. சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தார்கள். தொமாப என்று வர வேண்டுமாம். ஏன் என்று கேட்டதற்கு, 'யூஸ்ட் டு' என்று போட முடிகிற இடமென்றால் தொமாப, ஒருமுறை நடந்து முடிந்ததென்றால் தொமோ என்று விளக்கம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஓசூர் தாண்டி எங்கேயோ, அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று யோசித்தேன். "தாத்தா காலையில மூணு டீ குடிப்பாரு. எல்லார்கிட்டயும் பேசுவாரு. பேப்பர் படிப்பாரு. அன்னைக்கு ரெண்டு டீ குடிச்சாரு. எந்திரிச்சாரு. விழுந்துட்டாரு."

குடிப்பாரு, பேசுவாரு, படிப்பாரு: தொமாப, அப்லாப, லெயீய. குடிச்சாரு, எந்திரிச்சாரு, விழுந்துட்டாரு: தொமோ, செ லெவந்தோ, செ கயோ. அம்மா இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அம்மா படித்தது எட்டாவது. அங்கே குடிச்சாரு என்று ஆரம்பித்திருந்தால் அது ஒரு நாள் சமாச்சாரமாகியிருக்கும். வருஷக்கணக்காக அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷன் வந்திருக்க மாட்டார். எனக்கு இது தெரியும். இங்கிலீஷுக்குப் போனபோது அதைக் கையிலிருந்து நழுவவிட்டேன். ஸ்பானிஷ் அதைத் திருப்பிக் கேட்டது.

குடிப்பார் என்பது எதிர்காலம் என்று பள்ளியில் படித்தோம். செத்துப்போன தாத்தாவுக்கு ஏது எதிர்காலம்? அந்த வடிவம் நாளையையும் சொல்லும், பழக்கத்தையும் சொல்லும். பழைய பழக்கத்துக்கும் அதுதான். காலம் இப்படி இடம் மாறி வருவதைக் கால வழுவமைதி என்று இலக்கணம் அங்கீகரித்தும் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது இன்னொரு இரண்டு மதிப்பெண்ணாகக் கிடக்கிறது.

இன்னொரு உதாரணம். ஸ்பானிஷ் புத்தகங்களில் 'இறந்தகாலத்தில் பொருள் மாறும் வினைகள்' என்று தனி அத்தியாயமே இருக்கும். 'தெரிந்திருப்பது' என்ற வினைக்கு சபீய என்றால் தெரிந்திருந்தது. சூபெ என்றால் தெரியவந்தது. இது ஒழுங்கற்ற வினை, மனப்பாடம் செய்யுங்கள் என்பார்கள். எதை மனப்பாடம் செய்வது? "எனக்கு அப்பவே தெரியும்" என்பதற்கும் "நேத்துதான் தெரிஞ்சுது" என்பதற்கும் வித்தியாசம் தெரியாத ஆள் தமிழ்நாட்டில் யார்? சபீய, சூபெ. நமக்கு அரை நிமிஷம்.

இலக்கியம் படிக்கிறவர்கள் 'இது வேலைக்குப் போகிற பிள்ளைகளின் பிரச்சினை' என்று நகர்ந்துவிட வேண்டாம். நீங்கள் படித்த மார்க்வெஸ், போர்ஹெஸ், ருல்ஃபோ தமிழுக்குப் பெரும்பாலும் வந்த வழி இங்கிலீஷ். மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967இல் ஸ்பானிஷில் வந்தது. கிரிகோரி ரபாஸாவின் ஆங்கிலம் 1970இல். ரபாஸா மகா மொழிபெயர்ப்பாளர், அதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு பெரிய கை என்றாலும் மொழியில் இல்லாத வித்தியாசத்தை ஒவ்வொரு வினையிலும் காட்ட முடியாது. 'யூஸ்ட் டு', 'வுட்' என்று போட்டுக் காட்டலாம். வரிக்கு வரி போட்டால் வாக்கியம் நொண்டும். ஆகவே பல இடங்களில் சும்மா 'டிராங்க்' என்றுதான் விழும். அதைத் தமிழாக்குகிறவர் முன்னால் இப்போது இரண்டு கதவு: குடித்தார், குடிப்பார். எது என்று அவர் ஊகிக்க வேண்டும். மூலத்தில் ஊகமே இல்லை; சொல்லின் வாலில் எழுதியிருக்கிறது. தமிழிலும் ஊகத்துக்கு வேலையில்லாமல் எழுத முடியும். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இருக்கிற ஒரு பொருள், நடுவில் நிற்கிறவரிடம் அதற்குப் பை இல்லை என்பதால் கீழே விழுகிறது. இதற்கு மொழிபெயர்ப்பாளரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நாற்பது வருஷமாக லத்தீன் அமெரிக்க இலக்கியத்தின் மேல் இவ்வளவு காதல் கொண்ட ஒரு சூழல், ஸ்பானிஷை நேராகப் படிக்கிற ஆட்களை எத்தனை பேர் உருவாக்கியது என்றுதான் கேட்க வேண்டும்.

நேரான வழி ஒரு காலத்தில் இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். எதிர்த் திசையில். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஸ்பெயினின் நவார்ராக்காரர். அவர் ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டார். நாலு வருஷம் கழித்து இந்தியாவுக்கு வந்த போர்த்துகீசியர் ஹென்றிகே ஹென்றிகஸ் மனப்பாடத்தோடு நிற்கவில்லை. கடற்கரையில் மக்கள் பேசிய தமிழைக் கேட்டுக் கேட்டு, 1549 வாக்கில் அதற்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் கைவேலைதான். தமிழ் வினைகளைத் தனக்குத் தெரிந்த லத்தீன் சட்டகத்தில் வரிசையாக அடுக்கினார்: நான் செய்தேன், நீ செய்தாய், அவன் செய்தான். சில இடத்தில் சட்டகம் பொருந்தவில்லை, இடித்தது. ஆனால் வாலில் ஆள் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் விளக்கவே வேண்டியிருந்திருக்காது. போர்த்துகீசியம் ஸ்பானிஷின் உடன்பிறப்பு. அவர் வீட்டு வினையிலும் ஆள் வாலில்தான். அவருடைய இலக்கணம் 2013இல்தான் ஆங்கிலத்தில் வந்தது, ஜீன் ஹெய்னும் வி. எஸ். ராஜமும் மொழிபெயர்த்து. 470 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தன் இறந்தகாலத்திலிருந்து நேராக நம் இறந்தகாலத்துக்கு நடந்து வந்திருக்கிறார். அதே வழியில் திரும்பி நடக்க நம்மை இங்கிலீஷ் டிக்கெட் வாங்கச் சொல்கிறார்கள்.

எழுத்தும் நம் பக்கம் இருக்கிறது. ஸ்பானிஷில் தோமொ என்று முன்னால் அழுத்தினால் 'நான் குடிக்கிறேன்'. தொமோ என்று கடைசியில் அழுத்தினால் 'அவர் குடித்தார்'. ரோமன் எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தலைமேல் ஒரு சின்னக் கோடு. என் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கோட்டை விட்டுவிட்டு, அவர் குடித்ததையெல்லாம் தான் குடிப்பதாக எழுதினார்கள். தமிழில் எழுதிப் பாருங்கள்: தோமொ, தொமோ. கண்ணுக்கே தெரிகிறது. ஸ்பானிஷில் இருப்பது அழுத்தம், நெடில் இல்லை. ஆனாலும் நம் காதுக்கு அழுத்தம் நெடிலாகத்தான் கேட்கும், ஆரம்பத்துக்கு அது போதும். எ, ஏ, ஒ, ஓ வித்தியாசத்தை எழுத்தில் தெளிவாக்கியவர் வீரமாமுனிவர் என்று படித்திருக்கிறோம். அவர் இத்தாலிக்காரர். அவர் தாய்மொழியிலும் 'பேசுகிறேன்', 'பேசினார்' இரண்டையும் பிரிப்பது இதே கடைசி அழுத்தம்தான்.

எதிர்ப்பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சொற்களஞ்சியத்தில் இங்கிலீஷ் பெரிய உதவி. லத்தீனிலிருந்து இரண்டுக்கும் வந்த ஆயிரக்கணக்கான சொற்கள் பார்த்தவுடன் புரிந்துவிடும். தமிழ் அங்கே கொடுத்தது மாங்காய் மாதிரி ஒன்றிரண்டுதான். மங்கொ என்று அவர்கள் சொல்வது போர்த்துகீசியர் இந்தப் பக்கத்திலிருந்து கொண்டுபோன சொல். ஆகவே இங்கிலீஷ் தெரிந்தவர் அதைப் பயன்படுத்தட்டும். தெரியாதவரை வாசலிலேயே நிறுத்தாதீர்கள் என்கிறேன். வினைச்சொல் பாடத்தைத் தமிழில் நடத்த ஒரு பலகையும் ஒரு மணி நேரமும் போதும்.

சும்மா சொல்லவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பேருக்கு நடத்துகிறேன். இரண்டு பேர் பாலிடெக்னிக், ஒருத்தி நர்சிங், ஒருவன் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஷிஃப்ட். முதல் நாளே தொமே, தொமாஸ்தெ, தொமோ வந்துவிட்டது. இரண்டாம் வாரம் அவரவர் தாத்தா பாட்டி பற்றிச் சொன்னார்கள். தொமாபவும் தொமோவும் குழம்பவே இல்லை.

மூன்றாம் வாரம் மாட்டிக்கொண்டேன். 'நான் குடிக்கல' என்பதற்கு நாலு பேரும் ஒரே மாதிரி நொ தொமார் என்றார்கள். 'அவன் குடிக்கல'? நொ தொமார். 'அவங்க குடிக்கல'? அதுவேதான். தப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. தமிழில் 'இல்லை' வந்தவுடன் வால் அறுந்துவிடுகிறது. நான் குடிக்கல, நீ குடிக்கல, அவங்க குடிக்கல. ஆளும் இல்லை, காலம்கூட மங்கல். மறுப்பில் நாம் இங்கிலீஷைவிட மோசம். ஸ்பானிஷ் அங்கேயும் வாலை விடாது: நொ தொமே, நொ தொமோ, நொ தொமாரொன்.

"அப்போ இதுக்கு மட்டும் இங்கிலீஷ் வேணுமாக்கா?" என்று சிப்காட் பையன் கேட்டான்.

"அதுலயும் வால் கிடையாதுடா" என்றேன். நர்சிங் பெண் அதற்குள் நோட்டில் குடித்திலேன், குடித்திலன், குடித்திலர் என்று செய்யுளில் படித்ததை எழுதிப் பக்கத்தில் நொ தொமே, நொ தொமோ, நொ தொமாரொன் என்று சேர்த்துக்கொண்டிருந்தாள். முன்னிலைக்கு என்ன போடுவது என்று தெரியாமல் அந்த வரியைக் காலியாக விட்டிருந்தாள். எனக்கும் உடனே வாயில் வரவில்லை. அடுத்த வாரத்துக்குள் நன்னூலைத் தூசி தட்ட வேண்டும்.